நல்ல பட்டறை தானாகக் கிடைப்பதில்லை

ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சியை முடித்து வெளியே வரும் இளைஞனுக்கு அறிவுரை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேர்ந்தால்தான் மரியாதை என்பார் ஒருவர். தெருவோர ஷெட்டில் சேர்ந்தால்தான் தொழில் கைக்கு வரும் என்பார் இன்னொருவர். முதல் மூன்றாண்டு சம்பளத்தைப் பார்க்காதே, வேலையைக் கற்றுக்கொள் என்பது எல்லோரும் சொல்லும் மூன்றாவது அறிவுரை. ஒன்றுக்கொன்று முரணான இந்த அறிவுரைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நல்ல வேலையிடத்தைக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்கத் தொழிலாளியின் சாமர்த்தியம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால் அது அவனது பிழை. கை நசுங்கினால் கவனக்குறைவு. நாற்பது வயதில் மூச்சு வாங்கினால் விதி.

கார் மெக்கானிக் ஒருவர் எந்த இடத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதிலும் உண்டு. ஆனால் அந்தப் பதிலைத் தேடிச் செல்லும் எவரும், பாதி வழியிலேயே அது ஒரு தனிமனிதனின் கேள்வி அல்ல என்பதைக் காண்பார். இந்திய நகரங்களில் வாகனங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றைப் பழுது பார்ப்போரின் எண்ணிக்கையும் பெருகுகிறது. இந்தப் பகுதியினரிடையே இடதுசாரித் தொழிற்சங்க இயக்கத்தின் வேர்கள் இன்னும் ஆழமாகச் செல்லவில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை வேலையிடங்கள்

டெல்லியின் கரோல் பாக், பெங்களூரின் ஜே.சி. சாலை, மும்பையின் குர்லா, கொல்கத்தாவின் மல்லிக் பஜார் என்று எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும், மெக்கானிக்கின் முன் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை இடங்களே.

முதலாவது, கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற டீலர்களின் சர்வீஸ் சென்டர். ஹைட்ராலிக் லிஃப்ட், ஸ்கேனர், சீருடை, நிறுவனத்தின் பயிற்சி ஆகியவை இங்கே உண்டு. புதிய மாடல் எது வந்தாலும் முதலில் கை வைக்கும் வாய்ப்பு இங்குதான். ஆனால் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆயில் மாற்றுபவர் ஆண்டுக்கணக்கில் ஆயிலே மாற்றிக்கொண்டிருப்பார். பழுதான பாகத்தைத் திறந்து சரிசெய்வதைவிடக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துவதே இங்கு நடைமுறை. ஜாப் கார்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மாதக் கடைசியில் இத்தனை வண்டி, இத்தனை ரூபாய் லேபர் வருமானம் என்ற இலக்கை எட்டினால் இன்சென்டிவ். எட்டாவிட்டால் அடிப்படைச் சம்பளம் மட்டும். சீருடையில் கார் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் சம்பளம் கொடுப்பவர் டீலர். பல இடங்களில் டீலர்கூட அல்ல, ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர்.

இரண்டாவது, எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் நடுத்தர ஒர்க்‌ஷாப். 8 முதல் 20 பேர் வரை வேலை செய்யும் இத்தகைய இடங்களில்தான் மெக்கானிக் முழு வண்டியையும் அறிந்துகொள்கிறார். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், எலெக்ட்ரிகல் என்று எல்லாமே கை வழியாகப் போகின்றன. உரிமையாளர் பெரும்பாலும் முன்னாள் மெக்கானிக்தான். அவர் நல்லவராக அமைந்தால் தொழில் கற்கச் சிறந்த இடம் இதுவே. அமையாவிட்டால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விடுமுறை எதுவும் கிடைக்காது. நல்லது எல்லாம் ஒரு மனிதரின் குணத்தை நம்பியிருப்பதுதான் இவ்வகை இடத்தின் அடிப்படைப் பலவீனம்.

மூன்றாவது, தெருவோர ஷெட். வடமாநிலங்களில் இங்கு ‘உஸ்தாத்’ உண்டு, ‘சோட்டு’ உண்டு. உஸ்தாதின் கையில் இருக்கும் அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடியவர் அவர். சோட்டுவுக்குக் கூலி என்பது சாப்பாடும் கைச்செலவுக் காசும். அந்த ‘சோட்டு’ பல நேரங்களில் பதினான்கு வயதுகூட நிரம்பாத சிறுவன். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தது. குழந்தைகளை வேலைக்கு அமர்த்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் ‘மோட்டார் வாகனப் பட்டறைகளும் கராஜ்களும்’ பின்னர் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்கு உட்பட்டோரை, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, எந்த வேலையிலும் அமர்த்துவது குற்றம். சட்டம் இருக்கிறது. சோட்டுவும் இருக்கிறான்.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

இந்த மூன்றில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடமானாலும் அதன் தரத்தை அளக்கும் கேள்விகள் சில உள்ளன. வேலைக்குச் சேரும் முன் ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்த்தாலே பாதி விடைகள் கிடைத்துவிடும்.

வண்டியின் அடியில் படுத்து வேலை செய்பவரின் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஆள் நுழையும் இடம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் நல்ல இடமல்ல. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கானது; தாங்கி நிற்பதற்கானதல்ல. அதன் சீல் ஒரு நொடியில் விட்டுப்போகலாம். இருபுறமும் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். நான்கு ஸ்டாண்டுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கும் முதலாளி வேறு எதிலெல்லாம் மிச்சம் பிடிப்பார் என்பதை யூகிப்பது கடினமல்ல.

இரண்டாவது கேள்வி காகிதம் பற்றியது. நியமனக் கடிதம் தருகிறார்களா? சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, கையில் வருகிறதா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் உண்டா? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? சான்றிதழை அடகாகக் கேட்கும் இடம் வேலையிடமல்ல, கூண்டு. வண்டியில் கீறல் விழுந்தால், ஒரு போல்ட் உடைந்தால் யார் தலையில் அந்தச் செலவு விழும்? தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் சேதத்துக்காகச் சம்பளத்தில் கைவைக்க முடியாது என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லிவிட்டது.

மூன்றாவது, நேரம். மாலை 6 மணிக்கு ஷட்டர் இறங்குகிறதா, அல்லது ‘கஸ்டமர் காத்திருக்கிறார்’ என்ற ஒரே வாக்கியத்தில் இரவு 10 மணி வரை இழுக்கிறதா? மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது தொழிற்சாலைச் சட்டம் தந்த உரிமை. அதைப் பெறும் மெக்கானிக்குகள் எத்தனை பேர் என்று எந்தத் தெருவிலும் கேட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, கற்றல். மூத்த மெக்கானிக் ஸ்கேனரை இளையவரின் கையில் தருகிறாரா? மின்சாரக் கார்களில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் ஓடுகிறது. அதற்கான காப்புக் கையுறையும் முறையான பயிற்சியும் இன்றி அந்த வண்டியைத் திறக்கச் சொல்லும் இடம், தொழில் கற்றுத்தரும் இடமல்ல. அதே வேளையில் மின்சார வாகனத்தைத் தொடவே தொடாத இடத்தில் முடங்கிக் கிடப்பவரின் தொழில் பத்தாண்டுகளில் சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆயில் மாற்றமும் கிளட்ச் மாற்றமும் இல்லாத வண்டிகள் அவை.

ஐந்தாவது கேள்வியைப் பொதுவாக எவரும் சொல்லித் தருவதில்லை. அந்த இடத்தை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? வாசலில் இருக்கும் டீக்கடையில் இதற்கு விடை கிடைக்கும். அங்கேயே ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்பவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுத் தொடர் பணிக்குப் பணிக்கொடை என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. நான்கரை ஆண்டில் ஆட்களை மாற்றும் இடங்கள் ஏன் மாற்றுகின்றன என்பது அப்போது விளங்கும்.

நுரையீரல் கொடுக்கும் விலை

விபத்து கண்ணுக்குத் தெரியும். நோய் தெரியாது. மெக்கானிக்கின் உடலில் மெல்ல மெல்ல ஏறும் நஞ்சுகளைப் பற்றி ஐ.டி.ஐ. வகுப்பறையிலும் குறைவாகவே பேசப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ல் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் அதே பிரிவில்தான் உள்ளது. ஆனால் கையில் படிந்த கிரீஸைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது எல்லா ஷெட்டிலும் அன்றாட வழக்கம். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது அதைச் சுவாசப் பைக்குள் அனுப்புவதற்குச் சமம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். காசு செலவில்லாத இந்தப் பழக்கத்தைச் சொல்லித் தரக்கூட ஆள் இல்லை.

டிங்கரிங், பெயின்டிங் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். கார்களுக்கு அடிக்கும் இருகலவைப் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். வாயைச் சுற்றிக் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. தனிக் காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியும், காற்றை வெளியே இழுக்கும் பெயின்ட் பூத்தும் வேண்டும். கார் மினுமினுப்பாக வெளியே போகிறது. அதற்குப் பூசப்பட்ட நிறத்தில் ஒரு பங்கு பெயின்டரின் மார்புக்குள் தங்கிவிடுகிறது.

தொழிலாளியின் உடல்நலத்தைப் பாதுகாக்கும் உரிமையும் மருத்துவ உதவி பெறும் உரிமையும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995ல், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த உரிமை பட்டறையின் ஷட்டரைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சட்டத்தின் வேலிக்கு வெளியே

இத்தனை கேள்விகளையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை தரும் இடத்தை ஒரு மெக்கானிக் தேடினால் என்ன ஆகும்? அத்தகைய இடங்கள் மிகச் சில என்பதைக் காண்பார். இதற்குக் காரணம் முதலாளிகளின் குணக்கேடு மட்டுமல்ல. சட்டம் வரைந்த எல்லைக்கோடுகளும் அவற்றை மேலும் தளர்த்தும் அரசின் கொள்கையும்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி பழுது பார்ப்பதும் உற்பத்தி நடவடிக்கையே. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. ஆகவே லிஃப்டும் கம்ப்ரசரும் கொண்ட, 12 பேர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று, இந்த எல்லையை 10லிருந்து 20ஆக உயர்த்திவிட்டது. மின்சக்தி பயன்படுத்தாத இடத்துக்கு 20லிருந்து 40. மெக்கானிக்குகள் தொழிலை முழுமையாகக் கற்கும் அந்த நடுத்தர ஒர்க்‌ஷாப்கள்தான் இதனால் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து வெளியேறுகின்றன. நிலையாணைச் சட்டத்தின் வரம்பு 100லிருந்து 300ஆகிவிட்டது. 300 பேர் வேலை செய்யும் கார் சர்வீஸ் சென்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆய்வாளர் என்ற பெயரும் ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ என்று மாறியிருக்கிறது. யாருக்கு வசதி என்பது சொல்லாமலே விளங்கும்.

எல்லோருக்கும் நியமனக் கடிதம் என்று புதிய சட்டத்தைப் பெருமையாகச் சொல்கிறது ஒன்றிய அரசு. கடிதம் வேண்டியதுதான். கடிதத்தில் எழுதியதை நிறைவேற்றச் செய்யும் சங்கமும், திடீரென்று வந்து பார்க்கும் ஆய்வாளரும் இல்லாவிட்டால் அது வெறும் தாள். ஒழுங்கான மாதச் சம்பளம் பெறும் தொழிலாளரிலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கிடையாது என்பதை அரசின் உழைப்புப் படைக் கணக்கெடுப்புகளே ஆண்டுதோறும் காட்டி வருகின்றன.

டெல்லியின் எண்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கு திறன்மிகு தொழிலாளிக்கு மாதக் குறைந்தபட்சக் கூலி 22,411 ரூபாய். திறனற்ற தொழிலாளிக்கு 18,456 ரூபாய். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டில் சேர 2017 ஜனவரி முதல் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்போ 21,000 ரூபாய். அதாவது தேர்ந்த மெக்கானிக்குக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை ஒரு முதலாளி நேர்மையாகக் கொடுத்தால், அந்த மெக்கானிக் இ.எஸ்.ஐ.க்கு வெளியே விழுகிறார். கூலியைக் குறைத்துக் கொடுத்தால் மருத்துவமனையின் கதவு திறக்கிறது. பி.எஃப்.பின் 15,000 ரூபாய் வரம்பு 2014 செப்டம்பரில் வைத்தது. திறனற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியே அதைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே உறுப்பினராக இல்லாத புதிய தொழிலாளியைச் சேர்க்காமல் விடுவதற்கு முதலாளிக்கு இதைவிட வசதியான வாசல் வேறென்ன வேண்டும்? விலைவாசி ஏறுகிறது, போராடிப் பெற்ற கூலியும் கொஞ்சம் ஏறுகிறது, வரம்பு மட்டும் அசையாமல் நிற்கிறது. ஒரு சட்டத்தை ரத்து செய்யாமலேயே அதன் பயனைப் பறிக்கும் வழி இது.

அதே 22,411 ரூபாயை 26 வேலை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 862 ரூபாய். மணிக்குச் சுமார் 108 ரூபாய். கார் வைத்திருக்கும் எவரும் தமது கடைசி சர்வீஸ் பில்லை எடுத்து, ‘லேபர்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் தொகையை இந்த 108 ரூபாயுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாடகை, மின்சாரம், கருவிகள் ஆகியவற்றின் செலவைக் கழித்த பிறகும் மிஞ்சுவது எங்கே போகிறது என்ற கேள்வி எழும். உபரி மதிப்பைப் பற்றிய பாடத்தைப் புத்தகத்தில் படிக்க நேரமில்லாதவருக்கு அந்த ஒரு பில் போதும்.

சிறு உரிமையாளரின் முதுகில்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். ஆறு பேரை வைத்து ஷெட் நடத்துபவரை முதலாளி என்று சொல்லி எதிரில் நிறுத்துவது சரியா? அவரே நேற்று வரை ஸ்பேனர் பிடித்தவர். வாடகையும் வட்டியும் கட்டிய பின் அவர் கையில் மிஞ்சுவது அற்பம்.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தத் துறையின் மேல்மட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும், பழுதைக் கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டதே குற்றச்சாட்டு. மேல்முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. சுதந்திரமான ஒர்க்‌ஷாப்களின் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது அன்றே ஓர் அரசு அமைப்பின் ஆவணத்தில் ஏறிவிட்டது. 2022ல் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அந்த உரிமைக்கு இன்னும் சட்ட வடிவம் வரவில்லை. வண்டி மென்பொருளால் நிரம்ப நிரம்ப, பூட்டைத் திறக்கும் சாவி கார் நிறுவனத்தின் கையிலேயே தங்குகிறது.

எனவே சிறு உரிமையாளர் மேலிருந்து நசுக்கப்படுகிறார் என்பது உண்மை. அந்தச் சுமையை அவர் கீழே உள்ள தொழிலாளியின் முதுகில் இறக்கி வைக்கிறார் என்பதும் உண்மை. முதல் உண்மைக்காக இரண்டாவதை மன்னிக்க முடியாது. இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறைக்கவும் கூடாது. கார் நிறுவனங்களின் ஏகபோகத்துக்கு எதிராகச் சிறு உரிமையாளரையும் தொழிலாளியையும் ஒரே மேடையில் நிறுத்தலாம். ஆனால் ஸ்டாண்ட் இல்லாத ஜாக்கி, சிறுவனின் உழைப்பு, கொடுக்கப்படாத குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றில் எவருக்கும் சலுகை கிடையாது.

இந்தத் தேர்வில் இன்னொரு சமனின்மையும் உண்டு. எல்லா மெக்கானிக்குகளுக்கும் எல்லாக் கதவுகளும் ஒரே அளவில் திறப்பதில்லை. இஸ்லாமியர்கள் மாதச் சம்பள வேலைகளில் குறைவாகவும் சுயதொழிலில் அதிகமாகவும் இருப்பதை 2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. வட இந்தியப் பட்டறைத் தெருக்களில் அந்த உண்மையைக் கண்கூடாகக் காணலாம். வர்த்தகப் புறக்கணிப்பு முழக்கங்கள் எழும்போதெல்லாம் முதல் அடி விழுவது இத்தகைய சிறுகடைகளின் மீதுதான். ஐ.டி.ஐ. முடித்த பெண் மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் உண்டா என்பது. பல இடங்களில் அந்தக் கேள்வியே அவரது நேர்காணலை முடித்துவைத்துவிடுகிறது.

தேர்வு என்னும் மாயை

பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்பது தாராளவாதப் பொருளாதாரத்தின் விடை. நல்ல மெக்கானிக்குக்கு எங்கும் மதிப்புண்டு, மோசமான பட்டறை ஆளின்றித் தானே மூடிவிடும் என்று அது வாதிடுகிறது. இடம் மாறிச் சம்பளத்தை உயர்த்திக்கொண்ட மெக்கானிக்குகள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. திறமை மிக்க ஒருவர் தப்பிச் செல்ல முடியும்.

ஆனால் அவர் விட்டுச் சென்ற இடத்தில் மறுநாளே இன்னொருவர் நிற்கிறார். நாடெங்கும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். அப்ரண்டிஸ் என்ற பெயரில் வருபவரை 1961ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர் என்கிறது, தொழிலாளி என்று ஏற்பதில்லை. மலிவான உழைப்பு சுழற்சி முறையில் கிடைத்துக்கொண்டே இருக்கும்போது மோசமான பட்டறை மூடப்படுவதில்லை. அது நல்ல பட்டறையைவிடக் குறைந்த விலைக்கு வேலை செய்து தருகிறது. கொஞ்ச நாளில் நல்ல பட்டறையும் செலவைக் குறைக்கத் தொடங்குகிறது. தனிமனிதத் தேர்வு பட்டறைகளை உயர்த்துவதில்லை. போட்டி அவற்றைத் தாழ்த்துகிறது. ஒரு தெருவில் உள்ள எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே விதி என்று ஆகும்போதுதான் இந்தச் சரிவு நிற்கும். அந்த விதியைச் சட்டம் எழுதலாம்; நடைமுறைப்படுத்துவது அமைப்பாகத் திரண்ட தொழிலாளரால்தான் முடியும்.

தெருவையே ஆலையாகக் கொள்ள வேண்டும்

ஆலைத் தொழிலாளரை ஒரே வாசலில் சந்திக்க முடியும். மெக்கானிக்குகள் ஐந்து பேராகவும் எட்டு பேராகவும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைத் திரட்டுவது கடினம் என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் காரணம். பீடித் தொழிலாளரும் கட்டுமானத் தொழிலாளரும் சுமைப்பணித் தொழிலாளரும் அங்கன்வாடி ஊழியரும் இதைவிடச் சிதறிக் கிடந்தவர்கள்தாம். அவர்களைத் திரட்டிய இயக்கத்துக்கு இது புதிய பாடமல்ல.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் விண்ணப்பித்துச் சங்கம் பதிவு செய்ய வழி இருந்தது. புதிய தொகுப்புச் சட்டமும் அந்த ஏழு என்ற எண்ணை விட்டுவைத்திருக்கிறது. ஒரு பட்டறைக்கு ஒரு சங்கம் என்பது இத்துறையில் நடக்காது. ஒரு தெருவுக்கு, ஒரு பகுதிக்கு ஒரு சங்கம் என்பது நடக்கும். டீலர் சர்வீஸ் சென்டர் தொழிலாளியும் தெருவோர ஷெட் மெக்கானிக்கும் அதே சங்கத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் இன்று அங்கே இருப்பவர் நாளை இங்கே இருப்பார்.

அத்தகைய சங்கத்தின் முதல் வேலை போராட்டமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை தேடும் இளைஞனுக்கு எந்தப் பட்டறை ஸ்டாண்ட் வைத்திருக்கிறது, எது சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் தருகிறது என்று சொல்லத் தெரிந்த சங்கம், பகுதி மெக்கானிக்குகளின் நம்பிக்கையைத் தானே பெற்றுவிடும். விபத்தில் விரல் இழந்தவருக்கு இழப்பீடு பெறச் சட்டப்படி உரிமை உண்டு. ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் பட்டறையானாலும் அது பொருந்தும். இரண்டாண்டுக்குள் கோர வேண்டும் என்பதைச் சொல்லி மனு எழுதித் தருவது அடுத்த வேலை. பிரேக் தூசியை ஊதாதே, துடை என்று ஒரு துண்டறிக்கை அச்சிடுவது இன்னொரு வேலை. இவற்றின் மேல்தான் கோரிக்கைகள் நிற்க முடியும். இ.எஸ்.ஐ., பி.எஃப். வரம்புகளைக் கூலிக்கு ஏற்ப உயர்த்து. தொழிற்சாலைக்கான எல்லையை மீண்டும் 10 ஆக்கு. பெயின்ட் பூத்தும் ஸ்டாண்டும் இல்லாத இடத்துக்கு உரிமம் மறு. பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கு. மின்சார வாகனப் பயிற்சியை அரசுச் செலவில் தெருவோர மெக்கானிக்குக்கும் கொடு. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் தொகுப்புச் சட்டங்களுக்கு எதிராக எழுந்த முழக்கத்துக்குப் பட்டறைத் தெருவின் மொழியில் பொருள் சொல்பவை இக்கோரிக்கைகளே.

கட்சி உறுப்பினர்களில் கார் வைத்திருப்போரும் உண்டு. பட்டறை நடத்துவோரும் ஒரு சிலர் உண்டு. ‘இன்று மாலைக்குள் வண்டி வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தும்போது யாருடைய இரவு பறிபோகிறது என்பதை முன்னவர் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னவரின் பட்டறை, மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுவன் ஒருவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டுக் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் கூட்டத்துக்குப் போவதில் பொருளில்லை.

நல்ல பட்டறையைத் தேர்ந்தெடு என்று இளைஞனுக்குச் சொல்வது தவறல்ல. எவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவது கடமையும்கூட. ஆனால் அவன் ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. அவன் வேண்டாம் என்று விட்டுவந்த இடத்தில், வண்டிக்கு அடியில், ஸ்டாண்ட் இல்லாத ஜாக்கியின் கீழே வேறொருவன் படுத்திருக்கிறான். அவனைத் தேடிச் சென்று சங்கத்தில் சேர்ப்பது பகுதிக் கிளைகளின் வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.